சொல்லிக்கொள்ளாமல் நின்றுபோகும் மாணவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

முதலாண்டுக் கணித ஆசிரியை (தொடங்கியவர்)

எங்கள் கல்லூரியில் படிப்பை விட்டுப் போகிறவர்கள் 'நோ டியூஸ்' படிவத்தில் ஆறு கையெழுத்து வாங்க வேண்டும். நூலகம், லேப், விடுதி, விளையாட்டு, கணக்குப் பிரிவு, கடைசியாக வகுப்பு ஆசிரியர். சில வருடங்களுக்கு முன்னால், செமஸ்டர் பாதியில் ஒரு பையன் அந்தப் படிவத்தோடு என் மேஜை முன் வந்து நின்றான். ஐந்து கட்டங்களும் நிரம்பியிருந்தன. ஐந்திலும் அன்றைய தேதி. ஒரே காலையில் வாங்கியிருக்கிறான்.

"ஏம்ப்பா?" என்றேன். "வீட்டில கொஞ்சம் சூழ்நிலை, மேடம்" என்றான். அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மனசு கேட்காமல் அன்று சாயங்காலம் அவனுடைய முதல் இன்டர்னல் விடைத்தாளைத் தேடி எடுத்தேன். எல்லாக் கணக்கையும் சரியாகத்தான் தொடங்கியிருக்கிறான். மடக்கை (லாக்) வரும் இடத்திலெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. ஓரிடத்தில், இரண்டு எண்களின் கூட்டலுக்கு மடக்கை காண வேண்டியதை இரண்டு மடக்கைகளின் கூட்டலாகப் பிரித்து எழுதி, சந்தேகப்பட்டு அடித்துவிட்டு, வேறு வழி தெரியாமல் மறுபடியும் அதையே எழுதியிருந்தான். பள்ளியில் விட்டுப்போன ஒரு பாடம், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். நானோ 100க்கு 27 என்று போட்டு, ஓரத்தில் 'கவனம் தேவை' என்று எழுதியிருக்கிறேன். அதற்கடுத்த மூன்று வாரமும் அவன் வகுப்புக்கு வரவில்லை. பெயருக்கு நேரே வரிசையாக ஆப்சென்ட் போட்டவளும் நான்தான்.

வின்சென்ட் டின்டோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1975ல் எழுதியதைப் பின்னால் படித்தேன். மாணவர் இடையில் நின்றுபோவது ஒரு நாளில் எடுக்கும் முடிவல்ல. படிப்போடும் சுற்றியிருக்கும் மனிதர்களோடும் ஒட்டாமல் போவது நாளுக்கு நாள் சேர்ந்து அங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது அவர் வாதம். படிக்கும்போது அந்த வருகைப் பதிவேடுதான் கண் முன்னால் வந்தது.

வீட்டுச் சூழ்நிலை என்று அவன் சொன்னதும் உண்மையாகவே இருக்கலாம். நான் கேட்கவில்லையே. உங்களிடம் இப்படி யாரும் வந்ததுண்டா? நீங்களே இப்படிப் போனவரா? எழுதுங்கள்.

இடையில் நின்று, திரும்பி வந்து முடித்தவன்

மேடம், நானும் அதே பதிலைச் சொல்லிவிட்டு வெளியே போனவன்தான். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பள்ளியில் எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள் வருவேன். கல்லூரியில் முதல் தேர்வில் இரண்டு பேப்பரில் பெயில். விடைத்தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அறைக்குப் போகாமல் விடுதி மொட்டை மாடியில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் மற்றவர்கள் சிரித்துப் பேசுவதைப் பார்க்கும்போது, இவர்களுக்கெல்லாம் புரிகிறது, எனக்கு மட்டும்தான் இந்த இடம் பொருந்தவில்லை என்று நினைத்தேன். சந்தேகம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயம். கேட்காததால் இன்னும் புரியவில்லை. அப்புறம் வகுப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது அறைக்கு வந்த சீனியர் ஒருவர், நான் கேட்காமலே, "முதல் செமஸ்டர்ல எனக்கு மூணு அரியர். யார்கிட்டயும் சொல்லல. அப்ப இந்த வராந்தாவுல இருந்த பாதிப் பேருக்கு அரியர் இருந்ததுன்னு ரெண்டாம் வருஷம்தான் தெரிஞ்சுது" என்றார். என்னைத் தங்க வைத்தது அந்தப் பேச்சுதான். அறிவுரை என்று எதுவும் சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார், அவ்வளவுதான்.

இதை வைத்து ஆய்வே நடந்திருக்கிறது. வால்டன், கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் 2011ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். 'இந்த இடத்துக்கு நான் பொருந்தவில்லையோ' என்ற கவலை தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும், போகப்போகக் குறையும் என்று மூத்த மாணவர்கள் சொன்னதை முதலாண்டு மாணவர்களைப் படிக்க வைத்து, தங்கள் அனுபவத்தையும் எழுதச் சொன்னார்கள். மொத்தம் ஒரு மணி நேரம்தான். அதில் கலந்துகொண்ட கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்து, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. படித்தபோது அந்த சீனியரைத்தான் நினைத்துக்கொண்டேன். இப்போது எனக்கு அறிமுகமாகும் முதலாண்டுப் பிள்ளைகளிடமெல்லாம் என் இரண்டு பெயிலையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவள்

மேலே இரண்டு பேர் எழுதியதும் மனதைத் தொட்டது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னிடம் கேட்டார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். 'எதுவானாலும் சொல்லும்மா' என்றார்கள். நானும் சொன்னேன்: எனக்கு மதியம் ஷிப்ட், லேப் நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேட்ச்சில் ஒன்றையாவது காலையில் வையுங்கள். "டைம்டேபிளில் கை வைக்க முடியாது" என்று முடித்துவிட்டார்கள். அந்த லேப் இன்னும் அரியர். கேட்பவரிடம் எதையாவது மாற்றும் அதிகாரமும் இருந்தால்தானே கேட்பதற்கு அர்த்தம்?

மாணவர் ஆலோசகர்

வேலை பார்த்துக்கொண்டே படிப்பதாகச் சொன்னவர் எழுதியதை எங்கள் கூட்டத்தில் அப்படியே வாசிக்கப் போகிறேன். இந்த வேலையில் பல வருடம் இருந்து நான் கண்டது இதுதான்: மாணவருக்கு வரும் தடை ஒன்றாக வருவதில்லை. பஸ் பாஸ், புத்தகம், வேலை நேரம், புரியாத ஒரு பாடம் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். நாங்களோ ஒன்றுக்கு மட்டும் தீர்வு கொடுத்துவிட்டு, மாணவருக்கு ஆர்வமில்லை என்று கோப்பை மூடிவிடுவோம்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் ஈராண்டுப் பட்டம் தரும் தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007ல் 'ஏசாப்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. முழுநேரமாகப் படிக்க வேண்டும். பதிலுக்கு, மற்ற உதவித்தொகை போகக் கட்டணத்தில் மிச்சமிருக்கும் தொகை, புத்தகம், போக்குவரத்து அட்டை எல்லாவற்றையும் திட்டமே பார்த்துக்கொள்ளும். வகுப்புகளை நேரம் பார்த்துச் சேர்த்து வைப்பார்கள். குறைந்த எண்ணிக்கை மாணவர்களை மட்டும் கவனிக்கும் ஆலோசகரை அடிக்கடி பார்த்தே ஆக வேண்டும். மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். மூன்று ஆண்டில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வழக்கமான முறையில் 22 சதவீதம். இதில் இருக்கும் எந்த உதவியும் புதிதல்ல. எல்லாவற்றையும் ஒரே மாணவருக்கு ஒரே சமயத்தில் கொடுத்ததுதான் புதிது.

கட்டண நிலுவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைசி வருடம் வரை நன்றாக வந்த ஒரு பெண், சின்ன நிலுவைக்காகப் பதிவு முடங்கி, அந்த செமஸ்டரையே இழந்ததைப் பார்த்தேன். பட்டத்துக்கு இரண்டே பேப்பர் பாக்கி. அமெரிக்காவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் இப்படிப்பட்டவர்களுக்காகவே 2011ல் ஒரு சிறு உதவித்தொகையைத் தொடங்கியது. மாணவர் விண்ணப்பிக்கக் காத்திருக்காமல், யாருடைய பதிவு ரத்தாகப் போகிறது என்று நிர்வாகமே பட்டியலைப் பார்த்துத் தேடிப் போய்க் கொடுக்கிறது. எங்கள் கணக்குப் பிரிவிலும் அந்தப் பட்டியல் இருக்கிறது. அது என் மேஜைக்கு வர இரண்டு வருடம் போராடினேன். இப்போது வருகிறது.

நூலகர்

நானும் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவன்தான். வேறு கல்லூரி. முதல் கட்டமே நூலகம். புத்தகம் பாக்கி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். இதைப் படித்துவிட்டு நேற்று பழைய பதிவுகளைப் புரட்டினேன். இடையில் போன பலர், படிவம் கொண்டுவருவதற்கு ஒரு மாதம் முன்பே எல்லாப் புத்தகத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக எதுவும் எடுக்கவில்லை. கண்ணுக்கு முன்னால்தான் இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. ஆலோசகரிடம் சொல்ல எனக்கு ஒரு வழி வேண்டும். யாரிடம் பேசுவது என்று திங்கட்கிழமை முதல் வேலையாகக் கேட்கப் போகிறேன்.

மூன்றாம் ஆண்டு மாணவன்

எங்கள் துறையில் 'துணை வகுப்பு' என்று ஒன்று நடக்கிறது. அதை நடத்துபவர்களில் நானும் ஒருவன். 1973ல் அமெரிக்காவின் மிசூரி-கேன்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கிய முறையைப் பின்பற்றுவதாகப் பயிற்சியில் சொன்னார்கள். பலவீனமான மாணவர் என்று யாரையும் குறி வைப்பதில்லை. நிறையப் பேர் பெயிலாகும் பாடத்தைத்தான் குறி வைக்கிறோம். யார் வேண்டுமானாலும் வரலாம். அதனால் வருவதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. அந்தப் பாடத்தை முன்பே நன்றாக முடித்த நான், ஆசிரியரின் வகுப்பில் மறுபடியும் உட்கார்ந்து நோட்ஸ் எடுக்கிறேன். அப்புறம்தான் துணை வகுப்பு.

விடையைச் சொல்லக் கூடாது என்பது விதி. முதல் மாதம் அது பெரிய கஷ்டமாக இருந்தது. ஒரு பெண் பலகை முன் சாக்பீஸோடு நின்றுவிட்டாள். எனக்கு நாக்கின் நுனி வரை விடை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "மேல ரெண்டாவது வரியில குறி மாறியிருக்கோ?" என்றான். அந்தச் செமஸ்டரில் அவன் எங்கேயும் வாய் திறந்ததே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

முதலாண்டுக் கணித ஆசிரியை

எல்லாருக்கும் நன்றி. துணை வகுப்பு பற்றி எழுதிய தம்பி, கணிதத்தில் இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன், கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகம் தோற்கிறார்கள் என்று தேடினார். ஆர்வமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவில்லை என்று ஆசிரியர்கள் சொன்ன காரணம் எதுவும் நிற்கவில்லை. அவர் கண்டது, அவர்கள் கடுமையாகத்தான் உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாக. சீன வம்சாவளி மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒருவர் தவறை ஒருவர் திருத்திக்கொண்டிருந்தார்கள். அதனால் அவர் 'பின்தங்கியவர்களுக்கான வகுப்பு' என்று நடத்தாமல், குழுவாக உட்கார வைத்துக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். தேர்ச்சி நன்றாகவே உயர்ந்தது. எளிய கணக்கைக் கொடுத்து இறக்கிவைப்பதை விட, உன்னால் முடியும் என்று நம்பிக் கஷ்டமானதைக் கொடுப்பதில் இருக்கும் மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் செய்தது சின்ன வேலை. மூன்றாம் வாரத்திலேயே, மதிப்பெண் சேராத ஒரு சிறு தேர்வு வைக்கிறேன். யாருக்கு எந்தப் பள்ளிப் பாடம் விட்டுப்போயிருக்கிறது என்று அதில் தெரிந்துவிடுகிறது. தொடர்ந்து இரண்டு வகுப்பு வராதவரை அன்றைக்கே கூப்பிட்டுப் பேசுகிறேன்.

இன்னொன்றையும் செய்தோம். படிவத்தில் வரிசையை மாற்றச் சொல்லிக் கேட்டேன். ஒரு வருடம் இழுத்து, ஒத்துக்கொண்டார்கள். இப்போது வகுப்பு ஆசிரியர்தான் முதல் கட்டம். அங்கே கையெழுத்தில்லாமல் மற்ற ஐந்து பேரும் போடக் கூடாது. வரிசை மாறிய அந்த ஆண்டில் என்னிடம் ஏழு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசினேன். நான்கு பேருக்குக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒருத்திக்கு அவள் ஆசைப்பட்ட வேறு படிப்பிலேயே இடம் கிடைத்திருந்தது, சந்தோஷமாக வழியனுப்பினேன். மற்ற மூன்று பேரும் படிவத்தை என் மேஜையிலேயே விட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள். அவை இன்னும் என் டிராயரில் இருக்கின்றன, ஆறு கட்டமும் காலியாக.