தரம் 4 பிள்ளைகளை நூதனசாலைக்குக் கூட்டிப்போக, கட்டுப்படியாகிற வழி என்ன?

கேள்வி: களுவாஞ்சிகுடி ஆசிரியை

எல்லாருக்கும் வணக்கம். தரம் 4இல் 41 பிள்ளைகள். அனேகம் பேர் மீன்பிடிக்கும் கூலி வேலைக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகள். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தோடு சேர்த்து நூதனசாலை ஒன்றைக் காட்ட விருப்பம். கொழும்பு, கண்டி என்றால் பஸ் கூலியே பெற்றாருக்குத் தாங்காது. கிட்டடியில் எங்கே போகலாம்? கண்ணாடிப் பெட்டிகளைச் சுற்றி ஓடிவிட்டுத் திரும்பி வருகிற பயணமாகவும் அது இருக்கக் கூடாது.

பதில் 1: கோட்டைமுனை

ரீச்சர், கொழும்பை மறந்துவிடுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஏழெட்டு மணித்தியாலம் பஸ்ஸில் இருந்துவிட்டு எதைப் பார்த்தாலும் அதற்கு நித்திரைதான் வரும். உங்களுக்கு வடக்கே காத்தான்குடி நூதனசாலை இருக்கிறது. கிழக்கு முஸ்லிம்களின் பழைய வாழ்க்கையை ஆளளவு உருவங்களாக வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது உடனே பிடிபடும். வெள்ளிக்கிழமையை மட்டும் தவிருங்கள். தெற்கே காரைதீவில் தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த இல்லம் இருக்கிறது. மட்டக்களப்புக் கோட்டையையும் சேர்க்கலாம்: 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது.

இதில் ஒன்றை மட்டும் தெரிவுசெய்யுங்கள். ஒரே நாளில் மூன்று இடம் என்று போட்டால் பாதி நேரம் பஸ்ஸில் ஏறி இறங்குவதில் போய்விடும்.

செலவில் பெரிய பங்கு பஸ்தான். கூலியை ஒரு நாளுக்கும் ஓடும் கிலோமீற்றருக்கும் சேர்த்துத்தான் பேசுவார்கள். அதனால் கிட்ட உள்ள இடத்துக்கு ஒரே பஸ்ஸை இரண்டு தடவை ஓட்டினால் தலைக்கு வரும் காசு நன்றாகக் குறையும். சமாந்தர வகுப்பையோ பக்கத்துப் பாடசாலையையோ சேருங்கள். முதல் அணி 8.15க்கு வெளிக்கிட்டு 9.00 மணிக்கு உள்ளே, 10.45க்குப் பாடசாலை. அதே பஸ்ஸில் அடுத்த அணி ஏறி 1.15க்குத் திரும்பலாம். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ் சாலையிலும் கேட்டுப் பாருங்கள். காலைப் பாடசாலை ஓட்டத்துக்கும் மத்தியான ஓட்டத்துக்கும் இடையில் சும்மா நிற்கிற பஸ் கிடைக்கலாம். அதிபரின் கடிதத்தோடு நேரில் போனால்தான் காரியம் நடக்கும்.

ஒரு விசயம். “வசதியில்லாத பிள்ளைகள் காசு தரத் தேவையில்லை” என்று வகுப்பில் சொல்லவே வேண்டாம். சொன்னால் அந்தப் பிள்ளை அன்று காய்ச்சல் என்று வீட்டில் நின்றுவிடும். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒட்டிய கடித உறை கொடுங்கள். உள்ளே எவ்வளவு இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும், அப்படியே வாங்குங்கள். குறைகிறதை பாடசாலை அபிவிருத்திச் சங்கம் போடட்டும்.

பதில் 2: முன்னாள் ஆசிரிய ஆலோசகர்

இடத்தை விட, எப்படிப் பார்க்க வைக்கிறோம் என்பதில்தான் கூடக் கவனம் வேண்டும். நூறு பொருளைக் காட்டாதீர்கள். ஆசிரியர் ஒருவர் முதலில் போய் ஐந்து பொருளைத் தெரிந்துவரட்டும். பிள்ளைகள் ஆறு பேருக்கு ஒரு பெரியவர். ஒவ்வொரு குழுவும் வேறு வேறு பொருளில் தொடங்கினால் ஒரே பெட்டிக்கு முன்னால் நெரிபட மாட்டார்கள். ஒரு பொருளுக்குப் பத்து நிமிடம் போதும்.

வினாத்தாளில் விவரப் பலகையைப் பார்த்து எழுதுகிற கேள்வி ஒன்றும் வேண்டாம். அப்படிக் கேட்டால் பிள்ளை பலகையைத்தான் பார்க்கும், பொருளைப் பார்க்காது. மூன்றே கேள்வி: எதனால் செய்தது? எந்த இடம் தேய்ந்திருக்கிறது? அந்த இடத்தில் யாருடைய கை பட்டிருக்கும்? ஒரு திருகையை எடுத்துக்கொள்ளுங்கள். கைபிடிக் கட்டை செருகுகிற துளையின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் வழுவழுப்பாக இருக்கும். அம்மியில் நடு குழிந்திருக்கும், இரண்டு ஓரமும் சொரசொரப்பாகவே இருக்கும். இதைத் தானாகக் கண்டுபிடித்த பிள்ளை அடுத்த பெட்டிக்கு ஓடாது.

வரைவதற்கு ஒரு முறை: ஒரு நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும், பிறகு முதுகைக் காட்டித் திரும்பி நின்று வரைய வேண்டும், மறுபடி திரும்பி விடுபட்டதைச் சேர்க்க வேண்டும். அந்த இரண்டாவது பார்வையில்தான் பிள்ளை உண்மையிலேயே பார்க்கிறது. பென்சில் மட்டும் போதும். மை கசிந்து பொருளில் பட்டால் போகாது. எழுத மட்டை வாங்கத் தேவையில்லை. பிஸ்கட் பெட்டி அட்டையை தாளை விட ஓர் அங்குலம் பெரிதாக வெட்டி, மேலே உடுப்புக் கிளிப் ஒன்றைப் போட்டால் சரி.

சின்ன அறை என்றால் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் விடாதீர்கள். மிச்சப் பேருக்கு வெளியிலும் வேலை இருக்க வேண்டும். கோட்டை என்றால் மதிலைக் காலடியால் அளக்கலாம். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. ஏன் அப்படி என்று கேளுங்கள், நல்ல பதில்கள் வரும்.

பதில் 3: வலயம்_கோவை

அனுமதிக் கடிதத்தை வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே கொடுங்கள். பெற்றார் சம்மதக் கடிதம், பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல், பொறுப்பாசிரியர் விபரம், பஸ்ஸின் காப்புறுதி, தனியார் பஸ் என்றால் அந்த ஓட்டத்துக்கான அனுமதிப்பத்திரம். அனேகமாக இழுபடுவது பஸ் கடதாசிதான், அதனால் முற்பணம் கொடுக்க முன்னமே பிரதி வாங்கிவிடுங்கள்.

காலம்: நவம்பர், டிசம்பர், ஜனவரி மாரி, வைக்காதீர்கள். கச்சான் காற்று, அதாவது வறண்ட தென்மேல் காற்று, வீசுகிற காலத்தில் போவதென்றால் முற்பகலோடு முடியுங்கள். தேங்காய்ச் சம்பல், பால்விட்ட கறி பதினொரு மணிக்கே புளித்துவிடும். அவித்த கடலை, வாழைப்பழம், ஆளுக்கு அரை லீற்றர் தண்ணீர். பஸ்ஸில் சத்தி எடுக்கிற பிள்ளையை முன் ஆசனத்தில் விடுங்கள், பிளாஸ்ரிக் பைகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பதில் 4: அக்கரைப்பற்று மிஸ்

போக முன்னம் வகுப்பிலேயே ஒரு நூதனசாலை வைத்துப் பாருங்கள், செலவே இல்லை. வீட்டிலிருந்து அரிசி அளக்கிற கொத்து, சுண்டு, சுளகு, அரிக்கன் லாம்பு, மீன் பிடிக்கிற கரப்பு எதையாவது ஒரு நாளைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொப்பி ஒன்றில் பொருள், வீட்டார் பெயர், கையொப்பம். அன்றே திருப்பிக் கொடுங்கள். பித்தளை, நகை, ஏட்டுச்சுவடி வேண்டாம். “கழுவாமல் தாருங்கள்” என்று எழுதியும் அனுப்புங்கள், இல்லாவிட்டால் உம்மம்மாமார், அம்மம்மாமார் புளி போட்டு மினுக்கி அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகள் பார்க்க வேண்டியதே அந்தக் கரியும் தேய்மானமும்தான்.

பெயர்ச்சீட்டைப் பிள்ளையே எழுத வேண்டும், இருபது சொல்லுக்குள். கொத்து ஒன்று நிரம்ப எத்தனை சுண்டு அரிசி பிடிக்கிறது என்று கொட்டி அளந்து பார்த்தால் அன்றைய கணித பாடமும் முடிந்தது.

களுவாஞ்சிகுடி ஆசிரியை

எல்லாருக்கும் மிக்க நன்றி. காத்தான்குடிக்கே போகலாம் என்று நினைக்கிறோம், சமாந்தர வகுப்பும் சேருகிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அங்கே விளங்காத சொற்கள் வருமா?

அக்கரைப்பற்று மிஸ்

சில வரும், வரட்டும் ரீச்சர். முன்கூட்டியே விளக்கிவிடாதீர்கள். விளங்காத சொல்லை ஒவ்வொரு பிள்ளையும் ஒன்று எழுதிவரட்டும், அங்கே உள்ள பொறுப்பாளரிடம் பிள்ளையே கேட்கட்டும். கடைசிப் பத்து நிமிடத்தை அதற்கென்று ஒதுக்கி, அவரிடம் தொலைபேசியில் முதலே சொல்லி வையுங்கள்.