சவுலுக்கு இரக்கம் ஏன் இல்லை, தாவீதுக்கு ஏன் உண்டு?

பாளைவாசி:
போன ஞாயிறு எங்கள் சபையில் 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கம். எதிரிகளான அமலேக்கியரை முழுவதும் அழிக்கச் சொன்ன கர்த்தருடைய கட்டளையை மீறி, இஸ்ரவேலின் முதல் ராஜா சவுல் அவர்களுடைய ராஜாவையும் கொழுத்த ஆடுமாடுகளையும் தப்பவிட்டான், ராஜ்யம் கையை விட்டுப் போனது. கீழ்ப்படியாதவனுக்கு இரக்கம் கிடையாது என்று பாஸ்டர் முடித்தார். அப்படியானால் அவனுக்குப் பின் ராஜாவான தாவீது? தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டான், உரியாவைப் போர்முனையில் நிறுத்திச் சாகடித்தான். நாத்தான் தீர்க்கதரிசி வந்து கண்டித்தபோது பாவத்தை ஒத்துக்கொண்டான், மன்னிப்பு கிடைத்தது. கீழ்ப்படிதல்தான் அளவுகோல் என்றால் முதலில் தள்ளப்பட வேண்டியவன் தாவீது அல்லவா?

அத்திமரம்:
பிரதர், அந்த அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். யுத்தம் முடிந்ததும் சவுல் கர்மேலில் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டுகிறான். சாமுவேல் தீர்க்கதரிசி வந்ததும் 'கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன்' என்கிறான். ஆட்டின் சத்தம் கேட்கிறதே என்றால் ஜனங்கள் மேல் பழி, பலியிடத்தான் கொண்டுவந்தோம் என்று பக்திப் பூச்சு வேறு. அதற்குத்தான் 'பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்' என்ற பதில் வருகிறது. பத்துக் கட்டளைகளிலும், தம்மிடத்தில் அன்புகூர்ந்து கற்பனைகளைக் கைக்கொள்ளுகிறவர்களுக்கே ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கம் என்று இருக்கிறது. இன்று எங்கே போனாலும் கிருபை, கிருபை என்ற பேச்சுதான். வட்டிக்கு விட்டு ஏழையின் நிலத்தைப் பிடுங்கினவனும் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணீர் விடுகிறான். திங்கட்கிழமை நிலம் அவனிடமேதான் இருக்கிறது. 'கர்த்தாவே, கர்த்தாவே' என்கிறவனெல்லாம் உள்ளே போக மாட்டான் என்று சொன்னது இயேசுதானே?

ஓலிவ இலை:
அத்திமரம் அண்ணா, பத்துக் கட்டளைகள் வரும் அதே யாத்திராகமம் 20-இல் அவற்றுக்கு முந்தின வசனத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின' தேவன் நானே என்றுதான் கர்த்தர் ஆரம்பிக்கிறார். சமுத்திரம் பிளந்தது, மன்னா விழுந்தது, எல்லாம் கட்டளைகள் கொடுக்கப்பட்ட சீனாய் மலைக்கு வருவதற்கு முன்னால். ஒரு கட்டளையாவது கைக்கொண்ட பிறகா விடுதலை வந்தது?

நான் இதில் கோபப்படுவதற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு தாய் குழந்தையைப் பறிகொடுத்தார். ஆறுதல் சொல்ல வந்தவர்கள், ஏதோ கீழ்ப்படியாமை இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறவிக்குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் அதைத்தான். இவனும் பாவம் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என்று யோவான் 9-இல் இயேசு பதில் சொன்னார். உங்கள் அளவுகோலைக் கையில் எடுத்தவர்கள் அதை முதலில் வைப்பது நொந்து கிடப்பவர்கள் மேல்தான்.

அத்திமரம்:
சகோதரி, அந்தத் தாயிடம் அப்படிப் பேசினது பாவம். அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் அதற்காகத் தாவீதின் வீட்டில் நடந்ததை மறைக்க முடியுமா? மன்னித்த அதே வாயால்தான் நாத்தான், பட்டயம் உன் வீட்டை விட்டு விலகாது என்றான். உரியாவின் மனைவியிடம் பிறந்த பிள்ளை செத்தது. அம்னோன், தாமார், அப்சலோம் என்று மற்றப் பிள்ளைகளாலும் வீடே சிதைந்தது. கிருபை பெருகும்படிக்குப் பாவத்தில் நிலைநிற்கலாமா என்று பவுல் கேட்டு, 'கூடாதே' என்று ஒரே சொல்லில் முடிக்கிறார்.

ஞாயிறுபள்ளி டீச்சர்:
ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. அமலேக்கியரின் ராஜாவுக்கு இரங்கின அதே சவுல், 1 சாமுவேல் 22-ஆம் அதிகாரத்தில், ஆசாரியர்களின் ஊரான நோபுக்கு என்ன செய்தான்? தாவீதுக்கு அப்பம் கொடுத்து உதவியதற்காக 85 ஆசாரியர்களை வெட்டச் சொன்னான். அவனுடைய சேவகர்களே கை நீட்ட மறுத்தார்கள். தோவேக்கு என்ற ஏதோமியன்தான் வெட்டினான். அந்த ஊரில் பெண்கள், குழந்தைகள், ஆடுமாடுகள்கூட மிஞ்சவில்லை. அமலேக்கில் செய்யாததைக் கர்த்தருடைய ஆசாரியர்கள் ஊரில் செய்தான். அமலேக்குக்கு எதிரான அந்தக் கட்டளையை வாசிக்கும்போது எனக்கும் நெஞ்சு பதறும், அதை இலேசாகக் கடந்துபோக மாட்டேன். ஆனால் சவுல் மீறினது இரக்கத்தினால் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

சவுலும் 'பாவஞ்செய்தேன்' என்று சொன்னான், அதுவும் 15-ஆம் அதிகாரத்திலேயே இரண்டு முறை. இரண்டாவது முறை சொல்லிவிட்டு, மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறான். 51-ஆம் சங்கீதத்தில் தாவீது கேட்பது சுத்த இருதயம். சிங்காசனத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பாளைவாசி தம்பி கேட்டதற்கு என் பதில் இதுதான்: இருவரும் மீறினவர்களே, இரக்கத்தின் முன்னால் வெறுங்கையோடு நின்றவன் ஒருவன்தான்.

பாளைவாசி:
டீச்சர், இது எனக்குப் பிடிபடுகிறது. ஆனால் உரியா? தாவீது அழுதான், பாடினான், மன்னிக்கப்பட்டான். உரியா செத்தது செத்ததுதானே. 'தேவரீர் ஒருவருக்கே விரோதமாக' பாவஞ்செய்தேன் என்று அதே சங்கீதத்தில் அவன் பாடும்போது உரியா எங்கே போனான்?

ஓலிவ இலை:
மத்தேயு முதல் அதிகாரத்துக்குப் போங்கள். இயேசுவின் வம்ச அட்டவணையில், சாலொமோனின் தாயைப் பற்றிச் சொல்லும்போது அவள் பெயர் இல்லை, 'உரியாவின் மனைவியாயிருந்தவள்' என்றே எழுதியிருக்கிறது. தாவீதை மன்னித்த தேவன் உரியாவின் பெயரை அழிக்கவில்லை. அப்புறம் வரி வசூலித்த சகேயுவைப் பாருங்கள். ஊரே முறுமுறுக்க, இயேசு முதலில் அவன் வீட்டுக்குப் போனார். பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்புகிறேன் என்று அவன் எழுந்து நின்றது அதற்குப் பிறகு. இரக்கம் முதலில் வந்தது, கீழ்ப்படிதல் அதிலிருந்து பிறந்தது.

அத்திமரம்:
வரிசை சரி. ஆனால் 'இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது' என்று இயேசு எப்போது சொன்னார்? வாசலில் நுழைந்தபோதா, சகேயு பணத்தைத் திருப்புகிறேன் என்று சொன்ன பிறகா?

ஓலிவ இலை:
சொன்ன பிறகுதான், அண்ணா. அதனால்தான் உங்கள் முன்வரிசைக்காரரை நானும் விட மாட்டேன். இரக்கம் உண்டு என்று நான் அவரிடம் சொல்லத்தான் செய்வேன். அதைச் சொன்ன கையோடு, அந்த நிலப் பத்திரம் எங்கே என்றும் கேட்பேன்.