மைக் இல்லாத மேடையில் வளர்ந்த குரல்கள்: இசை நாடகமும் அதன் நடிகர்களும் நமக்குத் தந்த அனுபவங்கள்

இசை நாடகங்களையும், அந்த மேடையிலிருந்து திரைக்கு வந்த நடிகர்களையும் நேசிக்கும் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். அந்த உலகத்தோடு உங்களுக்கு முதல் பழக்கம் எப்படி ஏற்பட்டது என்பதை இங்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். தொடங்கி வைப்பவன் என்ற முறையில் என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் திரைப்படத்தின் வழியாகத்தான் மேடைக்குப் போய்ச் சேர்ந்தேன். என் தந்தைக்கு டி. ஆர். மகாலிங்கம் என்றால் உயிர். 1945இல் வெளிவந்த ‘ஸ்ரீவள்ளி’ படத்தில் அவர் பாடிய ‘காயாத கானகத்தே’ எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒலிக்கும். அது ஒரு சினிமாப் பாட்டு என்றே இருபத்தாறு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நண்பர் வீட்டுத் திருவிழாவுக்குப் போயிருந்தபோதுதான், இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கிய ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில், வேடன் வேடத்தில் வந்த ராஜபார்ட், அதாவது நாயகன் வேடம் கட்டும் நடிகர், அந்தப் பாடலை எடுத்தார். என் அருகில் பாய் விரித்து அமர்ந்திருந்த பெரியவர், “இது கிட்டப்பா பாட்டு தம்பி” என்றார். மகாலிங்கத்துக்கு முன்பே செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா இதைப் பாடி ஊர் ஊராகக் கூட்டம் சேர்த்திருந்தார் என்பதும், கிட்டப்பா 1933இல் தம் 27ஆம் வயதிலேயே காலமாகிவிட்டார் என்பதும் அன்றிரவுதான் எனக்குத் தெரிந்தன.

ஆனால் அந்த இரவில் என்னைக் கட்டிப்போட்டது அந்தப் பாடல் அன்று. நாரதருக்கும் வள்ளிக்கும் நடந்த தர்க்கம்தான். தினைப்புனத்தில் ஆலோலம் பாடிப் பறவை ஓட்டிக்கொண்டிருக்கும் வள்ளியிடம் நாரதர் வந்து முருகனை மணந்துகொள்ளச் சொல்கிறார். அவள் ஏன், எதற்கு என்று மடக்குகிறாள். அவர் ஒரு விருத்தம் பாடி விடை சொல்ல, அதே சந்தத்தில் அவள் எதிர்க்கேள்வி போடுகிறாள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இது நீடித்தது. கூட்டத்தில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. பேச்சு எந்த இடத்தில் பாட்டாக மாறியது, பாட்டு எந்த இடத்தில் மறுபடி பேச்சானது என்று கோடு போட்டுக் காட்ட முடியாதபடி இருவரும் வாதாடினார்கள். பழைய படங்களில் பாத்திரங்கள் நினைத்த மாத்திரத்தில் பாடத் தொடங்குவதை அதுவரை நான் ஒரு குறையாகவே எண்ணியிருந்தேன். 1934இல் வந்த ‘பவளக்கொடி’யில் ஏறத்தாழ 50 பாடல்கள் இருந்தது ஏன் என்பது அந்தத் தர்க்கத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. தியாகராஜ பாகவதரையும் எஸ். டி. சுப்புலட்சுமியையும் ‘பவளக்கொடி’ நாடகத்தின் மேடையில் பார்த்துத்தான் இயக்குநர் கே. சுப்பிரமணியம் படத்துக்கு அழைத்தார். மேடையில் பாட்டாலேயே பேசிப் பழகியவர்கள் கேமராவின் முன்னும் அப்படித்தானே பேசியிருப்பார்கள்.

* * *

மேலே எழுதிய அன்பருக்கு நன்றி. நான் ஓர் ஆர்மோனியக் கலைஞரின் மகள். என் தந்தை ஸ்பெஷல் நாடகங்களுக்கு நாற்பது ஆண்டுகள் வாசித்தவர். மேடையின் ஓரத்தில், பார்வையாளர் பெரும்பாலும் கவனிக்காத இடத்தில் என் குழந்தைப் பருவம் கழிந்ததால், அங்கிருந்து கண்டவற்றைச் சொல்கிறேன்.

‘ஸ்பெஷல்’ என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாமலேயே பலர் அதைச் சொல்லுகிறார்கள். ஒரே குழுவில் இருந்து ஒத்திகை பார்த்து நடிப்பது கம்பெனி நாடகம். ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும், நகைச்சுவை நடிகரான பபூனை இன்னோர் ஊரிலிருந்தும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்து, அந்த ஓர் இரவுக்காக மட்டும் ஒன்றுசேர்ப்பது ஸ்பெஷல் நாடகம். ஒத்திகை கிடையாது. முருகனும் வள்ளியும் அரிதாரம் பூசும் இடத்தில்தான் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்த்து வணக்கம் சொல்லிக்கொண்டதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்டால், நடக்கும். காரணம், நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாடல்களும் வசனங்களும் மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் என எல்லா ஊர்க் கலைஞர்களுக்கும் ஒன்றே. 1867இல் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்த அந்த ஒரு மனிதர் அமைத்துக் கொடுத்த பாதையில்தான் அத்தனை பேரும் நடந்தார்கள்.

அந்தப் பாதையில் யாராவது தடுமாறினால் தாங்கிப் பிடிப்பது ஆர்மோனியக்காரரின் வேலை. ஒருமுறை, புதிதாக வந்திருந்த வள்ளி தர்க்கத்தின் நடுவில் அடுத்த அடியை மறந்து நின்றுவிட்டார். என் தந்தை ஒரு கணமும் தாமதிக்காமல் அந்த அடியின் மெட்டைப் பின்பாட்டாகத் தாமே பாடி, அதன் கடைசிச் சொல்லை மட்டும் அந்தப் பெண்ணுக்காக விட்டுவைத்தார். அவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலேறினார். கூட்டம் கைதட்டியது, ஆர்மோனியக்காரர் பிரமாதமாக எடுத்துக்கொடுத்தார் என்பதற்காக அன்று, வள்ளி நன்றாகப் பாடினார் என்பதற்காக. அந்தக் கைதட்டலைக் கேட்டபோது என் தந்தையின் முகத்தில் இருந்த நிறைவை நான் மறக்கவில்லை.

சுருதியைப் பற்றியும் ஒரு சொல். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், திறந்த வெளியில், கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் ஒவ்வோர் எழுத்தும் கேட்கவேண்டும் என்றால் கீழ்ச்சுருதியில் பாடிப் பயனில்லை. அதனால்தான் ஆண்களே நான்கு கட்டை, ஐந்து கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) என்று உச்சத்தில் நின்று பாடினார்கள். குரல் சற்றும் பிசிறாமல், சொல்லும் சிதையாமல், அந்த உயரத்தில் இரவு முழுவதும் நிற்பதற்கு எத்தனை ஆண்டு அசுர சாதகம் வேண்டும்! பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு “ஏன் இப்படிக் கத்துகிறார்கள்” என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

* * *

நான் எழுபது வயதைக் கடந்தவள். என்னுடைய பகிர்வு கே. பி. சுந்தராம்பாளைப் பற்றியது.

என் தாயார் அவரை, அவருடைய ஊர்ப் பெயரால், ‘கொடுமுடியம்மா’ என்றுதான் குறிப்பிடுவார். கிட்டப்பாவும் அவரும் சேர்ந்து நடித்த நாடகத்தைச் சிறுமியாக இருந்தபோது ஒரே ஒருமுறை பார்த்ததாகச் சொல்வார். அதை விவரிக்கச் சொன்னால், இருவரும் மாறி மாறிப் பாடியதைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுவார். இருவருக்கும் 1927இல் திருமணம். ஆறே ஆண்டுகளில் கிட்டப்பா போய்விட்டார். அப்போது அந்த அம்மையாருக்கு வயது 25. அன்று உடுத்திய வெள்ளை ஆடையை அவர் பிறகு மாற்றவே இல்லை. எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். 1935இல் ‘நந்தனார்’ படத்துக்காக அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் கொடுத்தார்கள் என்பதை எல்லோரும் வியந்து சொல்கிறார்கள். அந்தப் படத்தில் அவர் ஏற்றது ஆண் வேடம், நந்தனாரின் வேடம் என்பதுதான் என் தாயாருக்குப் பெரிதாகத் தெரிந்தது. “யாருக்கும் ஜோடியாக நிற்கமாட்டேன் என்றவள், தானே நாயகனாக நின்றாள்” என்பார்.

‘ஔவையார்’ 1953இல் வந்தது. பிற்பாடு ஒரு டூரிங் டாக்கீஸில் என் தாயாரின் மடியில் அமர்ந்து அதைப் பார்த்தேன். கதை எதுவும் நினைவில் இல்லை. அந்தக் குரல் வந்தபோது, மணலைக் குவித்து வைத்து அமர்ந்திருந்த கூட்டம் முழுவதும் பேச்சை நிறுத்தியது மட்டும் நினைவிருக்கிறது. 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகளாக அவரைப் பார்த்தபோது எனக்கு விவரம் தெரிந்துவிட்டது. வயது முதிர்ந்த முகம், நடையில் தளர்ச்சி. குரல் மட்டும் மேலே எழும்பி அரங்கத்தின் பின்சுவரைத் தொட்டுத் திரும்பியது. ஆர்மோனியக் கலைஞரின் மகள் எழுதியதைப் படித்த பிறகுதான், அந்தக் குரல் ஒலிவாங்கிக்காகப் பழகியதன்று, கடைசி வரிசையில் நிற்பவனுக்காகப் பழகியது என்பது புரிகிறது. அதற்காக அந்த அன்பருக்கு என் ஆசிகள்.

* * *

சுருக்கமாக ஒரு செய்தி. பி. யு. சின்னப்பாவை யாரும் இன்னும் குறிப்பிடவில்லையே என்று எழுதுகிறேன். புதுக்கோட்டைக்காரர், சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். 1944இல் வந்த ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில் ஒரு கச்சேரிக் காட்சி உண்டு. பாடகரும் அவரே, பக்கவாத்தியக்காரர்களும் அவரே. ஒரே திரையில் ஐந்து சின்னப்பாக்கள். என் பேரனுக்கு அதைக் காட்டினேன். தந்திரக் காட்சி என்று சொல்லிவிடுவான் என எதிர்பார்த்தேன். அவனோ, “தாத்தா, ஒவ்வொருத்தரும் வேற வேற ஆள் மாதிரி தலையாட்டுறாங்க” என்றான். அதுதான் பாய்ஸ் கம்பெனிப் பயிற்சி. 1951இல் 35 வயதில் அவர் மறையாமல் இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

* * *

நான் திருமங்கலம் பகுதியைச் சேர்ந்தவன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் விசுவநாத தாஸ் என்ற பெயரை இன்றும் மரியாதையோடுதான் உச்சரிப்பார்கள். முருகனாக நடித்துக்கொண்டே, வெள்ளைக் கொக்கை விரட்டச் சொல்லும் பாட்டின் வழியாக வெள்ளையரை விரட்டச் சொன்னவர் அவர். அதற்காகப் பலமுறை சிறை சென்றார். 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’ நடந்தபோது, மயில் ஆசனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்த நிலையிலேயே அவருடைய உயிர் பிரிந்தது. அவரை நேரில் கேட்டவர்கள் இன்று யாரும் இல்லை; எங்கள் ஊர் நாடகங்களில் முருகன் மயில் மேல் ஏறி அமரும்போது முன்வரிசை முதியவர் சிலர் கைகூப்புவார்கள். அது முருகனுக்கு மட்டும் அன்று என்பதை என் பாட்டனார்தான் எனக்குச் சொல்லித் தந்தார்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒருநாள், அதில் நடித்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். சிவாஜி கணேசன் சிறுவயதிலேயே வீட்டைவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்து பெண் வேடம் கட்டியவர். பாணபத்திரராக வரும் டி. ஆர். மகாலிங்கமும், ஹேமநாத பாகவதராக வரும் டி. எஸ். பாலையாவும், ஔவையாக வரும் சுந்தராம்பாளும் மேடை தந்தவர்கள். தருமியாக வந்த நாகேஷ் கூட நாடக மேடையில் பெயர் பெற்ற பிறகே திரைக்கு வந்தார். இவர்களையெல்லாம் இயக்கிய ஏ. பி. நாகராஜனும் டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவில் பெண் வேடமிட்டு வளர்ந்தவர். ஹேமநாதருக்கும் பாண்டிய மன்னனின் அவைக்கும் நடக்கும் சவாலையும், நக்கீரருக்கும் சிவனுக்கும் நடக்கும் வாதத்தையும் மறுபடி பாருங்கள். இந்தப் பகிர்வுகளைத் தொடங்கியவர் சொன்ன நாரதர் தர்க்கம்தான் அங்கே வேறு உடையில் நிற்கிறது என்பது என் கருத்து.

* * *

தொடங்கி வைத்தவன் மீண்டும் எழுதுகிறேன். திருமங்கலத்து அன்பர் எழுதியதைப் படித்த அன்றே ‘திருவிளையாடல்’ படத்தை என் தந்தையோடு அமர்ந்து பார்த்தேன். அவருக்கு இப்போது வயது 82. காது சற்று மந்தம். மகாலிங்கம் கோயிலில் நின்று ‘இசைத்தமிழ் நீ செய்த அருஞ்சாதனை’ என்று எடுத்தபோது, ஒலியைக் கூட்டுவதற்காக நான் கை நீட்டினேன். வேண்டாம் என்று கையமர்த்தினார். எல்லாச் சொல்லும் தெளிவாகக் கேட்கிறது என்றார். வீட்டில் மற்றவர்கள் பேசுவது அவருக்குக் கேட்பதில்லை, அந்தப் பாட்டு கேட்டது.

படம் முடிந்த பிறகு, நான் முதன்முதலாக ‘வள்ளி திருமணம்’ பார்த்த கிராமத்தைப் பற்றி அவரிடம் விரிவாகச் சொன்னேன். இத்தனை ஆண்டுகளாக நான் அதை அவரிடம் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நண்பரோடு தொலைபேசியில் பேசினேன். இந்த ஆண்டுத் திருவிழாவிலும் நாடகம் உண்டு, ராஜபார்ட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றார். இரவு முழுவதும் கண்விழிக்க முடியுமா என்று என் தந்தையைக் கேட்டேன். அவர் அதற்கு விடை சொல்லவில்லை. ஆர்மோனியம் மேடையின் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டார். அந்தப் பக்கமாகப் பாய் விரிக்க வேண்டுமாம்.