மறு: நகைத்தொழிலின் ‘பாவே’ – ‘கல் பாவுதல்’ எனலாமா?

> கடல் உயிர்களின் வடிவில் செய்த தங்க, வைர நகைகள் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். ‘பாவே’ அடிக்கடி வருகிறது. ‘வைரத்தளம்’ அல்லது ‘நெருக்கப் பதிப்பு’ பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

‘வைரத்தளம்’ வேண்டாம். பொடிக்கற்களை நெருக்கிப் பதித்து உலோகப் பரப்பையே மூடும் பாவே, வைரத்துக்கு மட்டும் உரிய வேலை அன்று. 1930களில் பாரிசின் புவாவேன் நகைக்கூடத்துக்காக ஜூலியத் மூத்தார் வடிவமைத்த நட்சத்திர மீன் ப்ரூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கைகளின் நடுவே மாணிக்க வரிசை, சுற்றிலும் பொடிப்பொடியாகச் செவ்வந்திக்கல். உடையின் மேல் படிந்து வளையும்படி கைகளுக்கு மூட்டுகளும் வைத்திருக்கிறார்கள். இதைப் போய் ‘வைரத்தளம்’ என்று எப்படி எழுதுவது?

‘நெருக்கப் பதிப்பு’ பாதிதான் சொல்கிறது. இரண்டு பொன்சுவர்களுக்கு நடுவே வரிசையாகச் செருகும் கற்களும் நெருங்கித்தான் நிற்கின்றன. பாவேயின் தனித்தன்மை செய்முறையில் இருக்கிறது. உலோகப் பரப்பில் துளையிட்டுக் கல்லை உட்காரவைக்கிறார்கள். பிறகு சுற்றியுள்ள உலோகத்தையே உளியால் குட்டி மணிகளாகக் கிளப்பி, கல்லின் விளிம்பின்மேல் அழுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் தனிக்கூடு கிடையாது, பிடித்துநிற்கும் கொக்கியும் கிடையாது. முடிந்தபின் உலோகம் ஏறக்குறைய மறைந்து, கல்லே மேல்தோல் ஆகிவிடும். மீனின் வயிறு, கணவாயின் கை, கடற்குதிரையின் கழுத்து என்று வளைந்து நெளியும் உடல்களுக்கு இந்த வேலை அவ்வளவு ஒத்துவருவது அதனால்தான்.

என் பரிந்துரை: கல் பாவுதல். பெயர்ச்சொல்லாகப் ‘பாவு’.

தரையில் கல் பாவுகிறோம், தளம் பாவுகிறோம். ‘பாவே’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கும் அதே பொருள்தான். ஒலி ஒத்திருப்பது தற்செயல், வேர் உறவு எதையும் நான் கோரவில்லை. ஆனால் அந்தத் தற்செயலை விட்டுவிடக் கூடாது. தி.நகர் கடைகளில் ‘பாவே செட்டிங்’ என்று கேட்டுப் பழகிய காதுக்குப் ‘பாவு’ உறுத்தாது. பாண்டி பஜாரில் கல் பாவிய நடைபாதையில் நடந்து வந்து அதே கடைக்குள் நுழைகிறவருக்கு விளக்கமே தேவைப்படாது.

இன்னொரு நன்மை, அது வினையாகவும் நிற்கிறது. ‘வைரம் பாவிய கடற்குதிரை’, ‘வாலை மட்டும் பாவியிருக்கிறார்கள்’, ‘பாவு வேலை’ என்றெல்லாம் தடையில்லாமல் எழுதலாம். ‘நெருக்கப் பதிப்பு’ வைத்து இப்படி எழுதிப் பாருங்கள், ஒவ்வொரு வாக்கியமும் முட்டும். ‘இழைத்தல்’ அருமையான பழஞ்சொல். ஆனால் எந்த முறையில் கல் வைத்தாலும் ‘கல் இழைத்த நகை’ என்கிறோம். அது பொதுச்சொல்லாகவே இருக்கட்டும்.

தலைப்பில் ‘கடல்வாழ் உயிரின வடிவ அணிகலன்கள்’ என்று நீட்ட வேண்டாம். மகரக்குழை என்றால் மகர வடிவக் குழை. சிலப்பதிகாரத்தில் மாதவி அணியும் மோதிரம் ‘வாளைப் பகுவாய் வணக்குறு மோதிரம்’, வாளைமீனின் பிளந்த வாய் போன்றது. ‘வடிவ’ என்ற ஒட்டு நமக்கு என்றுமே தேவைப்பட்டதில்லை. கணவாய் மோதிரம், கடற்குதிரைப் பதக்கம் என்றே எழுதுங்கள்.

—

> நன்றி. ஒரே தயக்கம்: ‘வைரம் பாவி முடித்தார்’ என்று எழுதினால் ‘பாவி’ வேறு பொருளில் கண்ணில் படாதா?

ஐயா, ‘நாற்றுப் பாவி முப்பது நாள் ஆச்சு’ என்று சொன்னால் எந்த உழவரும் பாவத்தை நினைப்பதில்லை. முன்னால் கல்லோ வைரமோ வந்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது. அப்படியும் உறுத்தும் இடத்தில் ‘பாவிய’, ‘பாவுவேலை செய்து’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

மற்ற வகை நகைகளில் கல்லைப் பிடிக்கும் கொக்கிக்குச் சொல் இன்னும் முடிவாகவில்லை. ‘நகம்’ என்பது என் விருப்பம். சவுக்கார்பேட்டைப் பட்டறைகளில் பத்தர்கள் அதை என்னவென்று அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களிடம் சொல் இருந்தால் நாம் புதிதாக ஆக்க வேண்டாம்.