புதுப்பிப்பு: மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மகளுக்கு எரிச்சல், உப்புசம், அழுகை

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வரும் இந்தத் தொல்லைகளுக்கு என்ன செய்யலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி, குறிப்பாகக் காலண்டர் யோசனை சொன்ன மன்னார்குடி அக்காவுக்கு. அதுதான் கை கொடுத்தது.

தினசரி காலண்டர் தாளில் அவளே குறிக்கிறாள்: எரிச்சல், மார்பக வலி, தூக்கம். தொல்லை முந்தைய வாரத்தில் தொடங்கி, உதிரப்போக்கு வந்ததும் அடங்குகிறது. மாதம் முழுக்க இருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். எந்த வாரம் என்று தெரிந்ததால் வீட்டில் சண்டை பாதியாகிவிட்டது.

அந்த வாரம் அப்பளம், மோர்மிளகாய், உப்பு நார்த்தங்காய் கிடையாது, உப்புசம் குறைந்தது. மதியத்துக்குப் பின் டிகிரி காபியை நிறுத்தியதும் நல்ல தூக்கம். வயிற்று வலிக்கு வெந்நீர்ப் பை: கொதிநீர் வேண்டாம், முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், காற்றை அமுக்கி வெளியேற்றி மூட வேண்டும். துண்டில் சுற்றி 15-20 நிமிடம்.

எதிர்பாராதது: சோர்வு மட்டும் மாதவிடாய் முடிந்தும் போகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்ததில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே, அதாவது ரத்தசோகை. மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையைப் பால், காபி, டீயோடு சேர்க்காதீர்கள். சத்து உடம்பில் சரியாக ஒட்டாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சை ஜூஸ் நல்லது. மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம்.

பிள்ளை 'வாழப் பிடிக்கவில்லை' என்றால் காலண்டரைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் 14416 எந்நேரமும் கிடைக்கும்.