தசையறை இறுக்கம்: கால்முறிவுக் கையேட்டுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நோயாளிகளுக்கான நம் கையேட்டில் கணைக்கால் எலும்பு முறிவுக்கான தமிழ்ச் சொற்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. மாவுக்கட்டு இருக்கவே இருக்கிறது, அதில் கைவைக்க வேண்டாம். எலும்பின் உட்குழிக்குள் இறக்கும் கம்பிக்கு 'உட்குழி ஆணி' என்றே வைப்போம். நோயாளிகள் என்னவோ 'ராடு' என்றுதான் சொல்லப்போகிறார்கள். இழுபறி 'கம்பார்ட்மென்ட் சின்ட்ரோம்' ஒன்றில்தான்.

அதற்கு வந்திருக்கும் 'பெட்டக நோய்க்குறித்தொகுப்பு' எனக்கு ஒப்பவில்லை. கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவரின் வீட்டார் படிக்கப்போகும் பக்கம் இது. முழங்காலுக்குக் கீழே தசைகள் 4 அறைகளாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள படலம் எளிதில் விரிந்துகொடுக்காது. எலும்பு முறிந்ததும் இரத்தக்கசிவும் வீக்கமும் சேர்ந்து உள்ளே அழுத்தம் ஏறும்; மேலே இறுகிய கட்டும் இருந்தால் கேட்கவே வேண்டாம். நுண்குழாய்களில் இரத்த ஓட்டம் தடைபட்டு, சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். கால்விரலைப் பிடித்து மெல்ல நீட்டிவிட்டாலே உயிர் போகிற வலி. பாதத்தில் நாடி மட்டும் துடித்துக்கொண்டிருக்கலாம், அதை நம்பி இருந்துவிடக் கூடாது.

இவ்வளவும் தெரிய 'தசையறை இறுக்கம்' போதும். சின்ட்ரோமுக்கு நேர்ச்சொல் விடுபடுகிறதே என்றால், விடுபடட்டும். 'தசையறை அழுத்தம்' நல்ல சொல்தான். ஆனால் ஊசி செருகி அளக்கும் எண்ணுக்கு அது வேண்டும். இரத்த அழுத்தத்தின் கீழ் அளவுக்கும் அந்த எண்ணுக்கும் இடையே 30 மி.மீ. பாதரசம்கூட இல்லையென்றால் பொதுவாக அறுவைக்குப் போவார்கள். நோய்க்கும் அளவுக்கும் ஒரே சொல் என்றால் வாக்கியமே அமையாது.

அடுத்து, படலத்தைத் திறந்து அழுத்தத்தை இறக்கும் அந்த அறுவை. 'தசையுறைக் கீறல்' என்று வந்திருக்கிறது. தசையறை, தசையுறை: ஓர் உகரம்தான் வேறுபாடு, பிழைதிருத்துபவர் கண்ணுக்கே தப்பும். 'கீறல்' என்றால் ஏதோ சிறு காயம்போலவும் படுகிறது. உண்மையில் காலின் இருபுறமும் நீளமாக வெட்டி, 4 அறைகளையும் திறந்து, புண்ணைச் சில நாள் மூடாமலே வைத்திருப்பார்கள். வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டும்படியும் ஆகலாம். ஆகவே 'படலத் திறப்பு'.

அப்புறம் ஒன்று. வீக்கத்துக்குக் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கச் சொல்லும் வரியும் அதே பக்கத்தில் இருக்கிறது. இறுக்கம் என்ற ஐயம் வந்தால் கட்டைத் தளர்த்தி, காலை நெஞ்சு மட்டத்தில்தான் வைக்க வேண்டும். அந்த வரியைப் பிரித்து எழுதுங்கள்.

'இறுக்கம்' என்றதும் வெறும் தசைப்பிடிப்பு என்று நினைத்துவிடுவார்களா? வார்டில் நோயாளிகளிடம் பேசுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.