கீழவாசல் குடும்பம் (வாட்ஸ்அப்)

ரவி: மணிவிழா பத்திரிகை ப்ரூஃப் போட்டிருக்கேன். 6 மணிக்குள்ள சொல்லுங்க, பிரஸ்ல காத்திருக்காங்க

சாந்தி அத்தை: மேல "பெறுவுடையார் துணை"யா??

ரவி: அச்சச்சோ

செல்வம் பெரியப்பா: நல்லவேளை பாத்தே சாந்தி. பெரு + உடையார், நடுவுல வ் வரும். சின்ன ரு. பெரு-ன்னா பெரிய. ற போட்டா வாங்குறதுன்னு ஆயிடும்.

குமார்: மொய் வாங்குறதுக்குத்தானே 😂

மாலா சித்தி: பிரகதீஸ்வரர்னு போடலாமே. சம்பந்தி வீட்டுல அப்படித்தான் சொல்வாங்க

செல்வம் பெரியப்பா: அர்த்தம் ஒண்ணுதான், பிருஹத்-ன்னாலும் பெரிய. ஆனா தஞ்சாவூர் பெரிய கோயிலைக் கட்டின ராஜராஜ சோழன் வெச்ச பேரு ரெண்டுமில்ல. கல்வெட்டுல ஸ்ரீராஜராஜீஸ்வரம். கருவூர்த் தேவர் திருவிசைப்பாவுல இராசராசேச்சரம். 25-ஆவது ஆட்சியாண்டு 275-ஆம் நாள் (1010) உச்சிக்கு 3,083 பலம் (அந்தக் கால எடை) செப்புக்குடம் குடுத்தப்பவும் ராஜராஜீஸ்வரமுடையார்னுதான் வெட்டியிருக்கு.

ரவி: பெரியப்பா, பத்திரிகை ஒரு பக்கம்தான்

மாலா சித்தி: போன பத்திரிகையில என் பேருக்கே இடமில்ல

சாந்தி அத்தை: 🙏

பிரியா: வழி சொல்ற வரியில "பிரகதீஸ்வரர் கோயில் அருகில்" வேணாம். மேப்புல கங்கைகொண்ட சோழபுரமும் வருது

சாந்தி அத்தை: ஆமாடி, அங்கயும் அதே பேரு. அரியலூர் மாவட்டம், 70 கிலோமீட்டர் இருக்கும்

செல்வம் பெரியப்பா: கீழ "தஞ்சாவூர் பெரிய கோயில்"னு மட்டும் போடு. ஆட்டோக்காரர்கிட்ட அதுதான் செல்லும். மேல சாமி பேரு. பெரியநாயகி உடனுறை பெருவுடையார், இல்லன்னா பிருஹந்நாயகி சமேத பிருஹதீஸ்வரர். இதுல பாதி அதுல பாதி போடாதே.

குமார்: கோவிலா கோயிலா?

செல்வம் பெரியப்பா: ரெண்டும் சரி. ப்ரூஃபுல மேல வி, கீழ யி. ஒண்ணா ஆக்கு.

குமார்: கோபுர நிழல் தரையில விழாதாமே, அதையும் ஒரு வரி போடலாம்

செல்வம் பெரியப்பா: நல்லா விழும். அது கோபுரமும் இல்ல. கருவறை மேல இருக்கறது விமானம், வாசல் மேல இருக்கறதுதான் கோபுரம்.

பிரியா: இனிப்பு அசோகாதானே?

சாந்தி அத்தை: திருவையாறுல சொல்லியாச்சு. எத்தனை கிலோன்னுதான் தெரியல

ரவி: மணி 5:50. பெருவுடையார் ஓகேவா?

செல்வம் பெரியப்பா: 👍

மாலா சித்தி: சம்பந்தியை ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன்

ரவி: சித்தி 🙏🙏

குமார்: அசோகா 10 கிலோ போதுமா?